வெறும் C6H12 என்று எழுதிய பாட்டில்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், உன் இருமல் விட்டதா. மனசுதான் ஒரு நிலையில் இல்லை, அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

இன்று பள்ளிக்கூடத்தில் வேதியியல் செய்முறைத் தேர்வு. கொடுத்த திரவம் ஆல்கீன்தானா என்று பார்க்க வேண்டும், ஆல்கீன் என்றால் புரோமின் நீரின் ஆரஞ்சு நிறம் மறையும். அலமாரியிலிருந்து எடுத்து ஊற்றி வைத்தது ஆய்வக உதவியாளனான நான்தான். கார்பனைப் போல ஹைட்ரஜன் இரண்டு மடங்கு இருந்தால் ஆல்கீன், இது வாத்தியார் சொல்லிக் கேட்டே எனக்குப் பாடம். பாட்டிலில் C6H12 என்று என் கையெழுத்து, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட்டேன். வைக்க வேண்டிய ஆல்கீனான ஹெக்சீனுக்கும் அதுதான், வளையமாக இருக்கும் சைக்ளோஹெக்சேனுக்கும் அதுதான், ஆனால் வளையம் ஆல்கீன் இல்லை, நிறத்தைப் போக்காது. பெயர் நீளம் என்று சோம்பல்பட்டு வெறும் வாய்பாட்டை ஒட்டிய என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கழுவ எடுத்தபோது பார்க்கிறேன், இருபத்து நான்கு சோதனைக் குழாயிலும் நிறம் அப்படியே நிற்கிறது. இருபத்து மூன்று பிள்ளைகள் புத்தகத்தில் இருக்கிறபடி நிறம் மறைந்தது என்று எழுதிவிட்டார்கள். தையல்காரர் மகள் ஒருத்திதான் மறையவில்லை, இது ஆல்கீன் இல்லை என்று எழுதினாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தாளை மட்டும் பார்த்துவிட்டு, கண்ணு தெரியலையா உனக்கு என்று எல்லார் முன்னாலும் கேட்டு முட்டை போட்டுவிட்டார். போன வருஷம் தவறியவள், இதிலும் தவறினால் படிப்பை நிறுத்திவிடுவார்களாம். வாத்தியாரிடம் சொன்னேன், உங்களுக்கு எதுக்குண்ணே இந்த வம்பு, பேசாம கழுவிக் கவுத்துங்க என்றார். உன்னிடம் மறைக்க என்ன, கழுவத் தண்ணீர்க் குழாயைத் திறந்தும் விட்டேன். அப்போது அவள் வந்து, நான் பார்த்தது தப்பாண்ணே என்று கேட்டாள். உடனே தண்ணீரை மூடிவிட்டேன்.

சோதனைக் குழாய் எல்லாவற்றையும் தட்டோடு தேர்வாளர் மேஜையில் வைத்து, தப்பு என்னுடையது என்றேன். அவர் ஒவ்வொரு குழாயாகத் தூக்கிப் பார்த்தார், பிறகு அவள் தாளில் முழு மார்க் போட்டார். அதோடு விடுவார் என்று நினைத்தேன், மற்ற இருபத்து மூன்று தாளையும் வெளியே எடுத்துவிட்டார். பார்க்காததை எழுதினால் மார்க் இல்லையாம்.

இப்போது பெற்றவர்கள் எல்லாம் கேட்டில் நிற்கிறார்கள். வாட்ச்மேன் என்னையும் அவளையும், பின்பக்கமாப் போயிடுங்க என்கிறார். பயமாகத்தான் இருக்கிறது மகளே. ஆனால் சரியாகப் பார்த்தவள் எதற்குப் பின்பக்கம் போக வேண்டும், அந்தப் பிள்ளைகளை மாட்டிவிட்டதும் என் பாட்டில்தானே, அதை நானே போய்ச் சொல்கிறேன். முன்னால் நான் போகிறேன், பின்னால் அவள் வருவாள்.

அம்மாவிடம் போனில் உளறிவிடாதே, நானே சொல்லிக்கொள்கிறேன். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அப்பா