பயறு ஜெயிச்சிடுச்சு

என்னங்க,

வயித்துச் சத்தத்தைப் பதிவு பண்ண ஆராய்ச்சிக்காரங்க உங்களுக்குக் கட்டிவிட்ட பெல்ட்டோட நேத்து வரைக்குமான ரிப்போர்ட் என் போனுக்கு வந்துடுச்சு. "உன் பயறுதான் என் வயித்தைக் கெடுக்குது"ன்னு நேத்துகூட கத்துனீங்களே, பயறு சாப்பிட்ட நாளெல்லாம் உங்க வயிறு சமர்த்தா இருந்திருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ரகளை. அன்னிக்கு நான் அக்கா வீட்ல இருந்தேன். சமைச்சது நீங்க. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பயறும் கீரையும் அடுப்புமேல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. பெல்ட்டைத் திருப்பி வாங்க அந்த ஆராய்ச்சிப் பொண்ணு நாளைக்குத்தான் வருது, அதுவரைக்கும் கழட்டாதீங்க.

மாடி சாவி ஜன்னல்ல இருக்கு.

இன்னொண்ணு. தோத்துட்டேன்னு நீங்க வாயால சொல்லவேண்டாம். ரெண்டாவது தடவை பயறு போட்டுச் சாப்பிட்டீங்கன்னா நாளைக்கு வர்ற ரிப்போர்ட்ல பெல்ட்டே எனக்குச் சொல்லிடும்.