உள்ளே திருப்பிப் பூட்டிய டயர்

முன்கதவைத் திறந்தால் புது ரப்பர் மணம் முகத்தில் அடிக்கிறது. சப்பாத்து கழற்றி வைக்கிற மூலையில் மூன்று டயர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. “வீடோ கராஜோ இது?” என்று என் மனைவி ரஞ்சி நேற்றிலிருந்து ஏசுகிறாள். மொன்றியல் வில்லரேயில் மேல்மாடியில் இருக்கிறவனுக்கு வேறு எங்கே இடம்? வெளிப்படிக்கட்டில் வைத்தால் விடியும்போது படிக்கட்டு மட்டும்தான் இருக்கும்.

இது உன்னுடைய மணம் மச்சான். ஞாயிற்றுக்கிழமை குளித்து, வெளுத்த சேட்டுப் போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தாலும் உன் கையை விட்டு இந்த மணம் போகாது. பூசை நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுத்துவிட்டு வந்தால் மத்தியானம் சோறு குழைக்கும்வரை என் விரல்களிலும் இருக்கும். அந்தக் கையை அத்தனை வருடம் நம்பிப் பிடித்தேன் என்று நினைக்க இப்போது எரிகிறது.

நீ போய் ஒன்றரை வருடமாகிறது. உன் பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். அன்று எழுதியிருந்தால் அழுதுகொண்டு எழுதியிருப்பேன். இன்று கோபத்தில் எழுதுகிறேன். செத்தவனோடு கோபிப்பது பாவமா என்று பாதரிடம் கேட்கலாம், கேட்கப் போவதில்லை.

ஊரில் மடு மாதா திருநாளுக்குக் காட்டில் கொட்டில் போட்டு, கல் மூட்டிச் சமைத்து, நவநாள் முழுக்கத் தங்கி வளர்ந்த ஆட்கள் நாம். மொன்றியலுக்கு வந்த பிறகும் ஆவணியில் ஆற்றங்கரை மாதா கோயிலுக்குப் போய் அன்றைக்கே திரும்பி வருவது உனக்குப் பிடிக்கவில்லை. “போனால் படுத்தெழும்பி வரவேணும் மச்சான். இது என்ன, டொக்டரிட்டைப் போற மாதிரி?” என்றாய். அப்படித்தான் ஒரு பண்ணைக் கிழவரிடம் அந்த ட்ரெயிலரைப் பங்காக வாங்கினோம். காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற சின்ன வீடு. இரண்டு சக்கரம், ஒரு கட்டில், ஒரு அடுப்பு. முட்டையைப் போல உருண்டையாக இருந்ததால் பிள்ளைகள் அதை முட்டை என்றே கூப்பிட்டார்கள்.

கர்க்லாண்டில் உன் வீட்டுக்கு முற்றம் இருந்தது. முட்டை அங்கே நின்றது. வேலையையும் பிரித்துக்கொண்டோம். அடுப்பு, காஸ், திரைச்சீலை, சாமான் எல்லாம் என்னுடையது. சக்கரம், லைற், கொழுக்கி எல்லாம் உன்னுடையது. கராஜில் வேலை செய்கிறவன் நீ. ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி அடுக்குகிற எனக்குச் சக்கரத்தைப் பற்றி என்ன தெரியும்? ஒவ்வொரு ஆவணியும் புறப்படுமுன் பாதர் வந்து தீர்த்தம் தெளிப்பார். சக்கரத்துக்கும் தெளிக்கச் சொல்லி நீ குனிந்து காட்டுவாய்.

மூன்றாம் வருடம், பனி கரைந்த கையோடு, டயரின் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகளைக் கண்டவன் நான்தான். நீ சிரித்தாய். “ஊரிலை பொருளாதாரத் தடை காலத்திலை டயருக்குள்ளை பழைய டயரை வெட்டி வைச்சு, மண்ணெண்ணெயிலை கார் ஓடினனாங்கள். இஞ்சை ஒரு கீறல் கண்டவுடனை எறியச் சொல்லுறாங்கள்!” நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தக் காலத்தைக் கடந்து வந்த எங்களுக்கு எந்தப் பொருளும் லேசில் பழையதாகாது. அந்தத் திமிர் எனக்கும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் விடாமல் முட்டையையும் உன்னையும் இழுத்துக்கொண்டு டயர்க் கடைக்குப் போனேன்.

அந்தக் கடைக்காரர் நினைவிருக்கிறதா? நரை கலந்த மீசை, காதில் பென்சில். கடை முற்றத்துக்கு வந்து முட்டையின் முன் குந்தியிருந்து கால்மணி நேரம் பிரெஞ்சில் பேசினார். எனக்கு அப்போது தக்காளிக்கும் கத்தரிக்காய்க்கும் போதுமான பிரெஞ்சுதான் தெரியும். அவர் விரலால் டயரின் ஓரத்தைத் தட்டித் தட்டிச் சொன்னதையெல்லாம் நீ தலையாட்டிக் கேட்டாய். பிறகு என் பக்கம் திரும்பி, “ட்ரெயிலர் டயர்தான் போடவேணுமாம், கார் டயர் கூடாதாம். காத்துக் கணக்காய் இருக்கோணுமாம். அவ்வளவுதான். பேந்து நான் பாக்கிறன்” என்றாய். கால்மணி நேரப் பேச்சு இவ்வளவு சின்னதாக எப்படிச் சுருங்கியது என்று நான் கேட்கவில்லை. நீ பார்க்கிறேன் என்றால் அது முடிந்த காரியம்.

திருநாளுக்கு முதல்நாள் சாமான் ஏற்ற வந்தபோது இரண்டு டயரும் மாறியிருந்தன. கன்னங்கரேலென்று மினுங்கின. தடங்களின் பள்ளத்தில் என் விரல்நுனி புதைந்தது. “எப்பிடி?” என்றாய். “புத்தம் புதுசு!” என்றேன். நீ துணியால் கையைத் துடைத்தாய். புதிது என்ற சொல் என் வாயிலிருந்துதான் வந்தது. அதைத் திருத்தாமல் விட்டது நீ.

அடுத்தநாள் நெடுஞ்சாலையில் நான் முட்டையை இழுத்துக்கொண்டு முன்னால் போனேன். உன் குடும்பம் உன் காரில் பின்னால் வந்தது. வலப்பக்க டயர் வெடித்தபோது ஏதோ கார்க் கூரையில் விழுந்தது என்றுதான் நினைத்தேன். ட்ரெயிலர் வாலை ஆட்டி எங்களை இழுத்துப் பள்ளத்தில் போட்டது. பின்னால் இருந்த மகளுக்கு, உன் ஞானமகளுக்கு, ஒரு கீறலும் இல்லை, மாதா காத்தாள். என் பக்கத்திலிருந்த ரஞ்சியின் வலது தோள் நொறுங்கிப் போனது.

நீ ஓடிவந்து கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவிலை வந்தனி?”

“தொண்ணூறு.”

“தொண்ணூறெண்டால் இப்பிடி வெடிக்காது மச்சான்.”

ரஞ்சியைப் படுக்கையோடு தூக்கி அம்புலன்ஸில் ஏற்றும்போது, அவள் காதுபட, இதையே திரும்பவும் சொன்னாய். பின்னாலேயே வந்தவன் நீ. என் வேகம்தான் உன் வேகம். அந்தச் சின்னக் கணக்குக்கூட எனக்கு அப்போது ஓடவில்லை. ஆஸ்பத்திரி நடையில் இருந்து யோசிக்க யோசிக்க, தொண்ணூறா நூற்றுப்பத்தா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோயிலில் ஆட்கள் விசாரித்தபோது, “விடுங்கோ, அவன் அவசரக்காரன் எண்டு தெரியும்தானே” என்று எனக்காகப் பரிந்து பேசினாய். வெடித்த டயரை நீயே கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தாய், நான் பார்த்துக் கவலைப்படக் கூடாதாம். ஆஸ்பத்திரியில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரு நாள் சொன்னாய்: “ஆருக்கும் வாறதுதான் மச்சான். நான் உன்னை மன்னிச்சிட்டன். நீயும் உன்னை மன்னிச்சுக்கொள்.”

நான் நன்றி சொன்னேன். அடப்பாவி, உனக்கு நான் நன்றி சொன்னேன்!

அதற்குப் பிறகு நெடுஞ்சாலையில் கார் ஓட்டியதில்லை. கொஞ்ச நாளில் காரையும் விட்டுவிட்டு மெத்ரோவும் பஸ்ஸுமாக ஆனேன். ரஞ்சி ஒரு நாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. ஆனால் யாருடைய காரிலும் முன்னால் இருக்கமாட்டாள். வலக்கை தோளுக்குமேல் எழும்பாது. சீப்பால் தலை இழுக்க முடியாது. முதலில் மகள் இழுத்துவிட்டாள், மகள் படிப்புக்காக வெளியூர் போன பிறகு நான். காலையில் சந்தைக்குப் போகுமுன் சீப்பை எடுத்து அவளுக்குப் பின்னால் நிற்கும்போதெல்லாம், நான் செய்த வேலையின் பலன் இது என்று நினைத்துக்கொண்டுதான் நிற்பேன். வருடக்கணக்காக அப்படி நின்றேன்.

இந்த வசந்தத்தில் உன் மனைவி ஜெசி கூப்பிட்டாள். வீட்டை விற்றுவிட்டு மகனோடு டொராண்டோ போகிறாளாம். “முட்டையை நீங்களே கொண்டுபோங்கோ அண்ணை. அவர் இருந்தால் டயரெல்லாம் அவரே பாத்துப் போட்டுத் தந்திருப்பார்” என்று அழுதாள். நானும் அழுதேன். மகள் தன் காரில் இழுக்கலாம் என்றாள். டயரையாவது இந்தமுறை நானே பார்த்து வாங்குவோம் என்று அதே கடைக்குப் போனேன்.

அதே மீசை, இப்போது முழு வெள்ளை. அதே பென்சில். என் பிரெஞ்சு மட்டும் மாறியிருந்தது. இத்தனை வருடம் சந்தையில் கிழவிகளோடு பேரம் பேசியது வீண்போகவில்லை. அவர் அன்றைய பாடத்தைத் திரும்ப நடத்தினார். ட்ரெயிலருக்கென்று செய்த டயர்தான் வேண்டும், அதன் பக்கச் சுவர் தடிப்பு. சாமானையும் தண்ணீரையும் சேர்த்து மொத்தப் பாரத்தைப் பார்த்து, அதற்குமேல் தாங்குகிற டயராக எடுக்கவேண்டும். சோடியாக மாற்றவேண்டும், உபரிச் சக்கரத்தையும் மறக்கக் கூடாது. ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது, அதில் எழுதியிருக்கிற அளவுக்குக் காற்று அடிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் வயது. ட்ரெயிலர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்ற இடத்திலேயே முதுமையாகிச் சாகிறது என்றார். தடம் புதிதாக இருக்கும், உள்ளே ரப்பர் செத்திருக்கும். செய்த தேதி ஓரத்தில் எண்ணாக இருக்கும். நான்கு இலக்கமென்றால் இரண்டாயிரத்துக்குப் பிறகு செய்தது. மூன்று இலக்கமென்றால் அதற்கு முந்தியது, தொடவே வேண்டாம்.

எந்த ட்ரெயிலர் என்று கேட்டார். படத்தைக் காட்டினேன். “ஆ, இந்த உருண்டை!” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“உங்கள் கூட்டாளி இதை ஒரு நாள் இழுத்துக்கொண்டு வந்தார், முஸ்யூ” என்றார். “திருநாளுக்குப் போகவேண்டும் என்று அவசரப்பட்டார். தான் வேலை செய்கிற கராஜின் பின்னறையில் ஓடாமல் கிடந்த இரண்டு டயர்கள் கையில் இருந்தன. நான் எண்ணை வாசித்துக் காட்டினேன், மூன்று இலக்கம். பூட்டமாட்டேன், ஆளைக் கொல்லும் என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவரும் இந்தத் தொழில்தானே, அதனால் எனக்கு மறக்கவில்லை.”

அடுத்த ஞாயிறு பஸ் எடுத்துக் கர்க்லாண்ட் போனேன். முட்டை புல்லுக்குள் நின்றது. வெடித்த பக்கத்தில் உபரிச் சக்கரம். இடப்பக்கத்தில் நீ அன்று பூட்டிய சோடியில் மிஞ்சியது, காற்றுப் போய்ச் சப்பளிந்து. வெளிப்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்தேன். தேதி இல்லை. முதுகைப் புல்லில் போட்டு அடியில் ஊர்ந்து, ரோச் லைற் அடித்து உள்பக்கத்தைத் தேடினேன். இருந்தது. மூன்று இலக்கம். அந்த எண் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்குமாம். நீ அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பிப் பூட்டியிருந்தாய்.

தக்காளியைப் பழுதுபட்ட பக்கம் உள்ளே போக அடுக்குகிறவன் நான். அதைச் சொல்லி எத்தனை நாள் என்னைக் கேலி செய்திருக்கிறாய்! “கள்ளன், முகத்தை மட்டும் காட்டுறான்” என்பாய். என் தொழிலை என்னிடமே காட்டிவிட்டாய். தக்காளி அழுகினால் எறியலாம்.

ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் வலிக்கிறது. பார்க்கிறேன் என்று சொன்னாய், மறந்துபோனாய். கடைசி நாளில் சரியான அளவில் டயர் கிடைக்கவில்லை. சக்கரக்காரன் நீ, “மறந்துபோனன் மச்சான், இந்தமுறை முட்டை வேண்டாம்” என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் ஒரு நாள் ஏசியிருப்பேன். கோயிலில் உன்னைப் பகிடி பண்ணியிருப்பேன். அவ்வளவுதானே, அவ்வளவுதானே! வெடித்த பிறகாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் நான்கு வருடம் இருந்தது உனக்கு. ஒவ்வொரு ஞாயிறும் கைகொடுத்துச் சமாதானம் சொன்னாய்.

ஜெசியிடம் சொல்லவில்லை. அவள் உன்னை உன் டயர்களோடு நினைத்துக்கொண்டு போகட்டும். ரஞ்சியிடம் சொன்னேன். கடதாசியில் எழுதி வந்த அந்த மூன்று இலக்கத்தையும் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடதாசியை இடக்கையால் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

“அப்ப தொண்ணூறுதானோ?”

“ஓம். தொண்ணூறுதான்.”

“நான் உங்களை நம்பேல்லை” என்றாள். “அவர் சொன்னதைத்தான் நம்பினனான். இவ்வளவு காலமும்.”

என் வீட்டுக்குள், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், நீ அத்தனை வருடம் இருந்திருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை.

நாளை மறுநாள் இந்த மூன்றையும் அந்த மீசைக்காரர் பூட்டித் தருகிறார். எண் வெளியே தெரியவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஆவணித் திருநாளுக்குப் போகிறோம். மகள் ஓட்டுவதாகத்தான் இருந்தது. இன்று காலை தலை இழுத்துக்கொண்டிருக்கும்போது ரஞ்சி கண்ணாடியில் என்னைப் பார்த்து, “நீங்கள் ஓடுங்கோ. நான் முன்னுக்கு இருக்கிறன்” என்றாள். சீப்பைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

மாதாவிடம் உனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொல்லி ஜெசி கேட்டிருக்கிறாள், கொளுத்துவேன். ஆனால் ஆஸ்பத்திரி நடையில் நீ எனக்குத் தந்த மன்னிப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அது எனக்குரியதல்ல. திருப்பித் தரலாம் என்றால், வாங்கிக்கொள்ள நீ இல்லை.