பள்ளிக்கூடத் தெருவுக்கு மட்டும் வரும் தண்ணீர் லாரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் நலம்தானே? போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய்.

உன் அத்தான் இப்போது புதிய கப்பல் மேடையில் பெரிய கிரேன் ஓட்டுகிறார். சம்பளமும் கூடியிருக்கிறது. எனக்கும் கப்பல் அதிகாரிகளின் வெள்ளைச் சீருடைகள் தைக்க நிறைய வருகின்றன. துவைத்து மாடியில் காயப்போடத்தான் வழியில்லை. நிலக்கரிக் கிடங்கு பெரிதானதிலிருந்து, காற்று இந்தப் பக்கம் திரும்பினால் வெள்ளை கறுத்துவிடுகிறது. மகளுக்கு இளைப்பு. பையில் இன்ஹேலரோடுதான் பள்ளிக்கூடம் போகிறாள்.

ஆனால் பள்ளிக்கூட மாடியில் உங்கள் துறைமுகம் வைத்திருக்கும் காற்றளக்கும் பெட்டி எப்போது பார்த்தாலும் காற்று சுத்தம் என்று பச்சைதான் காட்டுகிறது. எனக்கு அது இடித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் மகளைக் கூப்பிடப் போனபோது, தண்ணீர் லாரி ஒன்று தூசி அடங்க அந்தக் கட்டடத்தைச் சுற்றி மேலே பீய்ச்சிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவுக்கு வரமாட்டீர்களா என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

"பெட்டி இருக்கிற எடத்துக்கு மட்டும்தாங்க உத்தரவு. தலைமை ஆபீஸ்ல ஒரு சார் லாரி போற வழிய போட்டுக் குடுத்திருக்காரு. பின்பக்கச் சந்துகூட அவருக்கு அத்துப்படி" என்றார்.

அந்தச் சந்துச் சுவரேறிக் குதித்து இதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களில் இன்று துறைமுகத் தலைமை அலுவலகத்தில் இருப்பது யார்? யோசிக்காதே என்று மனதை அடக்கினேன்.

அத்தானிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, "பெட்டி சிவப்பு காட்டினா கிடங்க மூடச் சொல்லுவாங்க. கப்பலெல்லாம் அடுத்த துறைமுகத்துக்குப் போயிடும். அப்புறம் சுத்தமான காத்தையே சோறா தின்னு" என்றார். அவர் பயமும் பொய்யில்லை.

அதன்பின் இதை நான் சொன்னது ஒரே ஒருவரிடம்தான்: ஞாயிற்றுக்கிழமை போனில், உன்னிடம். யாரிடமும் பேசாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். செவ்வாய்க்கிழமை லாரி எங்கள் வாசலில் நின்றது. எங்கள் சுவரையும் மாடியையும் மட்டும் நனைத்துவிட்டுப் போனது. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர். "மேலிடத்துல ஆள் இருக்கு போலயேம்மா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று லாரி மறுபடி வந்தது. எதிர்வீட்டுக்கும் அடியுங்கள் என்றேன். உத்தரவு இல்லை என்றார் ஓட்டுநர். அப்படியானால் எனக்கும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். ராத்திரி மகள் இருமிக்கொண்டே கிடந்தாள். அத்தான் இன்ஹேலரோடு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நீ மேலே வர வேண்டும் என்று உன்னைவிட அதிகம் ஆசைப்பட்டவள் நான். உன் வேலைக்கு ஒரு கேடு வர நினைப்பேனா? ஒருமுறை வந்து எங்களோடு தங்கிவிட்டுப் போ. மாடியில் படு, எதிர்வீட்டுக்காரரோடு பேசு. ஆனால் வருவதை ஆபீசில் சொல்லாதே. சொன்னால் நீ வருவதற்குள் தெருவையே கழுவி வைத்துவிடுவார்கள்.

நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி. நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

உன்
அக்கா