படி இறங்கிய கோடு

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். நான் நலம். உங்களுக்கு மூச்சு வாங்குவது குறைந்ததா?

இதய ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு மாதாமாதம் போன் செய்து நலம் கேட்டுப் பதிவது இங்கே என் வேலை. எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் கோடு ஒன்று கணினியில் உண்டு; யாராவது இறந்தால் அது ஒரு படி இறங்கும். போன வாரம் ஒரு பெரியவர் போனை எடுக்கவில்லை. இறந்துவிட்டதாகப் பதிந்துவிட்டேன்.

"தகவல் இல்லன்னா கோட்டை இறக்கக் கூடாதும்மா. கடைசியா பேசின நாள்ல ஒரு குறி மட்டும் போடு" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் மறுபடி கூப்பிட்டேன், பெரியவரே எடுத்தார். நான் செய்த தப்பைச் சொன்னேன். "செத்தா நானே சொல்லி அனுப்புறேன், பாப்பா" என்று சிரித்தார்.

நீங்கள் ஆறு மாதமாகப் பரிசோதனைக்குப் போகவில்லையாம், தம்பி சொன்னான். அங்கே ஆஸ்பத்திரியில் உங்களுக்கும், தகவல் இல்லை என்று வெறும் குறிதான் போட்டிருப்பார்கள். திங்கட்கிழமை கட்டாயம் போங்கள். முடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே எனக்குப் போன் போடுங்கள். நாளெல்லாம் நான்தான் எல்லோரையும் கூப்பிடுகிறேன், என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, மறுபடி போனை எடுக்க வேண்டும்.

உங்கள் மகள்