வண்டிக்குப் பின்னால் ஊற்றிய தண்ணீர்

பகூபா,
இராக், 2009 ஜூலை

அன்பு மகன் சினானுக்கு,

அப்பா எழுதுகிறேன். இறைவன் உன்னைக் காப்பானாக. இதைக் கொண்டுவரும் உன் ஜப்பார் மாமா காய்கறி மூட்டைகளோடு அந்த அமெரிக்க முகாம் வாசல் வரைதான் வர முடியும். அவரைக் கேள்வி கேட்டுத் துளைக்காதே. நின்று பேச அவருக்கு நேரமில்லை.

வீட்டில் விருந்தாளிகள் நிறைய. சத்தத்துக்கு நடுவே எழுதுவதால் என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், பொறுத்துக்கொள். நம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தெருக்காரர்கள் என்னிடமே மின்சாரம் வாங்கிக்கொண்டு என்னையே திட்டுகிறார்கள், வழக்கம்போல. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

அன்றைக்கு நடந்ததை வண்டிக்குள்ளிருந்து நீ எவ்வளவு பார்த்தாய் என்று தெரியவில்லை. அமெரிக்கர்கள் ஊரைக் காலி செய்து வெளியே முகாமுக்குப் போகிறார்கள் என்றதும் தெருவே கல்யாண வீடாகிவிட்டது. முடிவெட்டும் ஹாத்திம் ஆளுக்கொரு மண்பானை வாங்கி வைத்திருந்தார். "நாம ஒடைக்கிற ஒடையில அவனுங்க இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்கக் கூடாது" என்று என் கையிலும் ஒன்றைத் திணித்தார். நீ அவர்களின் மொழிபெயர்ப்பாளன், முகமூடி போட்டுக்கொண்டு அந்த வண்டிகளில் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறாய் என்பது எனக்கும் உன் அம்மாவுக்கும் ஜப்பாருக்கும் மட்டும்தான் தெரியும். தெருவுக்கு நீ வடக்கே எர்பில் நகரத்து ஓட்டலில் வேலை பார்க்கிறவன். அதனால் நானும் என் பானையை ஓங்கி உடைத்தேன். சும்மா நின்றால் ஏன் என்று கேட்பார்கள். போகிறது என் பிள்ளை, அவன் முதுகுக்குப் பின்னால் இனி வராதே என்று உடைத்த பானை அது.

உன் அம்மாவை வீட்டுக்குள்ளேயே இரு என்று சொல்லியிருந்தேன். அவள் என் பேச்சை என்றைக்குக் கேட்டாள்? கடைசி வண்டி முனை திரும்பும்போது கிண்ணத்தோடு ஓடிவந்து அதன் பின்னால் தண்ணீரை ஊற்றிவிட்டாள். உன்னைப் பரீட்சைக்கு அனுப்பியபோதும் பாக்தாத்துக்குப் படிக்க அனுப்பியபோதும் ஊற்றிய கை, தானாகச் செய்துவிட்டது. மேளம் நின்றுபோனது. எதிர்வீட்டு ரஸ்மியா, "ஏன்டி சினான் அம்மா, போறவங்க திரும்பி வரணும்னுதானே தண்ணி ஊத்துவோம்? இவனுங்கள்ல யாருடி உனக்குத் திரும்பி வரணும்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். "தூசி அடங்கட்டும்னு ஊத்துனேன்" என்று உன் அம்மா சமாளித்தாள். ஒருவரும் நம்பவில்லை.

ஆகவே மகனே, இந்தப் பக்கம் வராதே. அமெரிக்க விசா வரும்வரை முகாமை விட்டு ஓரடி வெளியே வைக்காதே. அம்மா தொலைபேசியில் பேசவில்லையே என்று வருந்தாதே, தொண்டை கட்டிக் கிடக்கிறாள். யாராவது வந்து உன் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சொன்னால் நம்பாதே. அமெரிக்கர்களுக்கு வேலை பார்த்தவர்களைக் கொல்லத் தேடுகிறவர்களுக்கு, உன்னை வெளியே இழுக்க அதைவிட நல்ல தூண்டில் கிடைக்காது. உன் மாமாவே சொன்னாலும் நம்பாதே. என் கையெழுத்தை மட்டும் நம்பு.

உன் நலத்தையே வேண்டும்,
அப்பா


பகூபா,
2010 மார்ச்

சினான், என் கண்ணே,

நீ நெப்ராஸ்கா போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கியது. முழங்கால் வரை பனி, ரொட்டி இனிக்கிறது என்றெல்லாம் நேற்றுச் சொன்னாயே, கேட்கச் சிரிப்பாக இருந்தது. பிறகு "அம்மாகிட்ட குடுங்கப்பா, இன்னமுமா தொண்டை சரியாகல?" என்று கேட்டாய். இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். அறுந்துபோகவில்லை. நான்தான் வைத்துவிட்டேன்.

உட்கார்ந்துகொண்டு படி. உன் அம்மா இல்லையப்பா. முதல் கடிதம் எழுதியபோதே இல்லை.

தண்ணீர் ஊற்றிய சில நாளில், அவள் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பும்போது தெருமுனையில் பைக்கில் வந்த இரண்டு பேர் உன் மகன் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். "எர்பில்ல" என்றாளாம். மறுபடி கேட்டதற்கும் "எர்பில்லதான், எத்தனை தடவை சொல்றது" என்று அதட்டினாளாம். சுட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ரஸ்மியாதான் முதலில் ஓடிப்போய் அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. அவள் மேல் கோபப்படாதே, இன்றுவரை என் கண்ணைப் பார்க்க முடியாமல் அழுகிறாள். தண்ணீர் ஊற்றியதை அவர்களிடம் யார் போய்ச் சொன்னது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது, நாளைக்கும் இதே தெருவில்தானே நான் இருக்க வேண்டும்.

விருந்தாளிகள் என்று எழுதினேனே, அவர்கள் துக்கம் கேட்க வந்தவர்கள். மூன்று நாளும் தெருவில் கூடாரம் போட்டிருந்தது. வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்க வேண்டியவன் மூத்த மகன். அந்த இடத்தில் நான் நின்றேன். முன்பின் தெரியாத மூன்று இளைஞர்கள் தினமும் வந்தார்கள். ஃபாத்திஹா ஓதினார்கள், கசப்புக் காப்பி குடித்தார்கள், கண்ணை மட்டும் வாசலை விட்டு எடுக்கவில்லை. பெற்றவள் சாவுக்கு மகன் வராமல் இருக்க மாட்டான் என்று அவர்களுக்கும் தெரியும். அவர்களும் ஒருத்தி பெற்ற பிள்ளைகள்தானே. அவர்களுக்கு என் கையாலேயே காப்பி ஊற்றிக் கொடுத்தேன். தெருமுனையை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் கொடுத்தேன். பார்த்தால் நீ பக்கத்தில்தான் இருக்கிறாய் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஜப்பார் மாமா என் சட்டையைப் பிடித்துவிட்டார். "பெத்தவ மண்ணுக்குப் போறா, புள்ளைக்குச் சொல்ல மாட்டியா? நீயெல்லாம் மனுஷனா மச்சான்?" என்றார். "சொன்னா வருவான். வந்தா ரெண்டு குழி தோண்டணும். உனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். அழுது முடித்துவிட்டு, அவரே கடிதத்தை வாங்கிக் கத்தரிக்காய் மூட்டைக்குள் சொருகிக்கொண்டார்.

டீக்கடையில் இன்னும் அதே வாக்குவாதம்தான். மிச்சம் இருக்கிற அமெரிக்கனும் மூட்டை கட்டட்டும் என்று பாதிப் பேர். "அவன் போனா நாம ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுத் தின்னுடுவோம்" என்று பாதிப் பேர். நீ இப்போது இருக்கும் நாட்டுப் பெரிய மனிதர்களும் இருப்பதா போவதா என்று மேஜையைத் தட்டுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறேன். நானும் போகட்டும் என்றுதான் கத்தினேன், இன்றும் அதையே சொல்வேன். அழையாமல் வந்தவன் போகத்தான் வேண்டும். ஆனால் அங்கேயும் சரி, இங்கேயும் சரி, அவர்களுக்கு வாயாக இருந்த பிள்ளைகள் இனி எங்கே போவார்கள் என்று ஒருத்தனும் கேட்டு நான் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் எல்லாப் படையும் போனபிறகு ஊருக்கு வருகிறேன் என்றாய். வராதே. இதைப் படித்ததும் என் மேல் ஆத்திரம் வரும். வரட்டும். அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவிடாத பாவி என்று என்னைத் திட்டு, என்னோடு பேசாமல் இரு, நான் தாங்கிக்கொள்வேன். அங்கேயே ஒரு நல்ல பெண்ணைக் கட்டிக்கொள். வயிறாரச் சாப்பிடு. முகத்தை மூடாமல் கடைவீதியில் நட.

எனக்கும் வயதாகிறது. நாளைக்கே ஒன்று ஆனால் ஜப்பார் மாமா கூடாரம் போடுவார். வாசலில் யாரையும் நிறுத்த வேண்டாம் என்று அவரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். துக்கம் கேட்க வருகிறவர்கள் அந்தக் காலி இடத்தைப் பார்த்து, இவனுக்குப் பிள்ளை இல்லை போலிருக்கிறது என்று பேசிக்கொள்ளட்டும். நீ நூறு வயது இரு, மகனே. தூரத்தில் இரு.

உன்னைப் பெற்றவன்,
அப்பா