குற்றம் சொல்லாத வழக்கு

நாம் அடைக்கலம் புகுந்த இந்த நாட்டின் வெங்காய ஊரான புக்கெகோஹியிலிருந்து யாரோ கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போன வெங்காய மூட்டையை இன்று காலை அவிழ்த்தேன். காய்ந்த தோலும் மண்ணும் கலந்த அந்த வாடையோடு, தோழி, நீர் என் கண்முன் வந்து நின்றீர். கணிதத்தில் முதல் வகுப்பில் தேறிய உம்முடைய சேலையிலும் தலைமுடியிலும் கடைசிவரை இருந்தது அதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் எப்சம் என்ற நகர்ப்பகுதியிலிருந்த பாடசாலையொன்று கணித ஆசிரியர் தேடியது. கிடைத்தால், நீர் வேலைசெய்த வெங்காயம் தரம்பிரிக்கும் கொட்டகையை விட்டு, ஊரில்போல மறுபடியும் வகுப்பறைக்குப் போகலாம். நேர்முகத்துக்கு உம்மைக் காரில் கூட்டிப்போனவள் நான். திரும்பி வந்து கார்க் கதவைச் சாத்திய பிறகே பாடசாலை அதிபர் சொன்னதைச் சொன்னீர்: "உங்கள் நாட்டு ஆட்களைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தினால், பெற்றோர் பிள்ளைகளை வேறு பாடசாலைக்கு மாற்றிவிடுவார்கள்."

வழக்குப் போடப்போவதாகச் சொன்னீர். உம்மை எண்ணி முதன்முறையாகப் பெருமைப்பட்டேன்.

வழக்கறிஞர் வேண்டாமென்று நீரே எழுதினீர். கொழும்பு அரசாங்கக் கந்தோர்களுக்கு மனு, நம் பேச்சில் பெட்டிசம், எழுதி வளர்ந்த தலைமுறை நாம். பெட்டிசத்தில் எந்த அதிகாரியையும் குறைசொல்வதில்லை. நம் தகுதியை அடுக்கி, அவருடைய பெருந்தன்மையை வேண்டுவோம். மிச்சத்தை மேலே இருப்பவர் ஊகித்துக்கொள்வார். அப்படியேதான் எழுதியிருந்தீர்: பட்டம், நற்சான்று, தபாலதிபராக இருந்த தகப்பனார், அடைக்கலம் தந்த நாட்டுக்கு நன்றி. அதிபரின் வாக்கியத்தை மட்டும் காணவில்லை.

"இது வழக்கில்லை, கலியாணப் பேச்சுக்குக் குடுக்கிற குறிப்பு," என்றேன். "அந்தாள் சொன்னதை எழுதும்."

"அந்த ஊத்தைக் கதையை என்ரை கையாலை எழுதுறதோ? படிச்ச நீதவான். அவருக்கு விளங்கும்."

எழுதியதைத்தான் அவர் வாசிப்பார் என்றேன். எனக்கு மனிதரில் நம்பிக்கையில்லை என்று சிரித்தீர்.

விசாரணை தொடங்குமுன்பே வழக்கைத் தள்ளும்படி எதிர்த்தரப்பின் இளம் வழக்கறிஞர் கேட்டார். நீர் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் ஏற்பதாகவும், உம்முடைய தகப்பனார் நேர்மையான தபாலதிபர் என்பதில் தமக்கு ஐயமே இல்லையென்றும் சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி நல்ல மனிதர், அதுதான் கொடுமை. இனத்தின் காரணமாக யாராவது உமக்கு ஏதாவது சொன்னார்களா, செய்தார்களா, அப்படியென்றால் திருத்தி எழுத அவகாசம் தரலாம் என்றார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அதிபர் நேரெதிரே இருந்தார். நீர் எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, உம்முடைய பழைய பள்ளிக்கூட ஆங்கிலத்தில் சொன்னீர்: "எல்லோரும் என்னிடம் மிகவும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள், ஐயா."

சொன்ன அனைத்தும் உண்மையென்றே கொண்டாலும் குற்றமென்று எதுவும் சொல்லப்படவில்லை என்று நீதிபதி வழக்கைத் தள்ளினார். அவர் சொன்னது சரிதான். வெளியே அதிபர் உம்முடைய கையைக் குலுக்கினார். நீர் நன்றி சொன்னீர்.

மறுநாள் கொட்டகைக்குப் போனீர். நோயில் விழும்வரை போனீர். செத்தவீட்டில், ஒருவரையும் குறைசொல்லாத மனுசி என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். "ஓம், அதுதான் அவவைத் திண்டது," என்றேன். அதன்பிறகு எனக்குத் தேநீர் தர ஒருவரும் வரவில்லை.

உம்மிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது உம்முடைய பொறுமையை அல்ல. போன கிழமை மருந்துக்கடைப் பெண்ணொருத்தி, எனக்கு ஆங்கிலம் தெரியாதென்று தானே முடிவுசெய்து, இதுகளுக்கு விளக்கி முடியாது என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். அந்த வாக்கியத்தை ஒரு சொல்லும் குறையாமல், அவளுடைய உச்சரிப்பிலேயே, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொன்னேன். பெயரையும் கேட்டேன். அவள் அழுதாள். அழுது முடியும்வரை நின்று, மருந்தை வாங்கிக்கொண்டு வந்தேன். நீர் உடனிருந்திருந்தால் என்னைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, அவளிடம் மன்னிப்புக் கேட்டிருப்பீர்.