கடலுக்குள் ஒரு வீடு
இராயபுரம், மார்கழி 1932

செல்லக்கனிக்கு,

நான் சுகம். அம்மா சுகமா? பிள்ளைக்கு இருமல் நின்றதா?

இந்த வாரம் பள்ளியில் கோடும் கோணமும் அளக்கும் க்ஷேத்திரகணிதம், பூகோளம், சித்திரம் மூன்றையும் ஒரே பாடமாக நடத்தினேன். கடல் அரித்த கரையைக் கயிறு பிடித்து அளந்து, பிள்ளைகள் படம் வரைந்து நீல வர்ணம் பூசினார்கள்.

கெங்கம்மா மட்டும் கடலுக்குள் ஒரு வீடு வரைந்திருந்தாள், கதவு திறந்தபடி. ஐப்பசிப் புயலில் அவள் வீட்டையும் தாயையும் அலை கொண்டுபோய்விட்டது.

“கடலில் ஏதம்மா வீடு?” என்றேன்.

“வூடு அங்கதான் சார் கீது. அம்மா உள்ள கீது.”

புயலுக்கு முந்திய கரைப் படத்தோடு ஒப்பிட்டு ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். வீடு இருந்த இடம் இம்மி பிசகவில்லை.

பயப்படாதே, என் அறை கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். கருப்பட்டியும் கனமான போர்வையும் அனுப்பு. பிள்ளை வரைந்த நம் வீட்டுப் படம் ஒன்றும் வை. கதவைச் சாத்தி வரையச் சொல்லு.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

ராசையா